பன்னிரண்டாவது பொட்டு

பூஜை முடிந்து எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிப் போன பிறகு கம்பெனியில் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் தெய்வசிகாமணிக்கு முதலில் தொந்தரவாக இருந்தது. இருபத்து மூன்று வருஷமாக இந்தத் தகரக் கூரைக்குக் கீழே துண்டு வெளுத்து, சாயமேற்றி, உலர்த்தி, மடித்து அனுப்பிக்கொண்டிருக்கிறார். உருளைகள் சுற்றும் சத்தமும் ஆவி சீறும் சத்தமும் இருந்தால்தான் அவருக்கு யோசனையே ஓடும். வருஷத்தில் ஆயுத பூஜை ஒரு நாள்தான் எல்லாம் நிற்கும். நின்றால் என்ன, நின்றுவிட்டுப் போகட்டும், மணி மூன்றரை, வெயில் கூரையில் காய்கிறது, தகரம் எங்கோ ஒரு மூலையில் டிக்கென்று நெளிகிறது, அதற்குப் போய் ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. மாலை போட்ட உருளைகள், வாழைக்கன்று கட்டிய தூண், கடைக்கோடியில் பாய்லர். கையில் போன். போனில் அரசாங்கத்து இணையதளம், அதில் பதினாறு பக்கப் படிவம், பதினைந்து பக்கம் நிரப்பியாயிற்று, கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம், வாக்கியத்துக்கு முன்னால் எள்ளளவு ஒரு கட்டம். 'மேற்படி கொதிகலனை நான் நேரில் ஆய்வு செய்தேன். அது பாதுகாப்பான நிலையில் உள்ளது என உறுதி கூறுகிறேன்.' கட்டத்தைத் தொட்டால் டிக் விழும். டிக் விழுந்தால் நாலு விநாடியில் அவர் போட்டோவோடு சான்றிதழ் வரும். ஐந்து மணிக்குள் விழாவிட்டால் அனுமதி காலாவதி, நாளைக் காலை விஜயதசமி நல்ல நேரத்தில் அடுப்பு மூட்ட முடியாது, தீபாவளிக்குப் போக வேண்டிய துண்டு போகாது, முப்பத்தோரு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். தொட வேண்டியதுதானே. தொட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாய வேண்டியதுதானே. மத்தியானத்திலிருந்து மூன்று தடவை விரல் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பிவிட்டது. ஏதோ கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

திட்டாமல் என்ன செய்வது, அந்த வாக்கியமே அவருடையது. சிறுதொழில் சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் சென்னைக்கு அழைத்திருந்தார்கள். ஏசி குளிரில் முழங்கால் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று அவர்தான் சொன்னார், எதிரே ஒரு பெண் அதிகாரி அதைச் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தார். தன் கம்பெனியைப் பற்றி முதலாளியை விட யாருக்கு அதிகமாகத் தெரியும், நான் நேரில் பார்த்தேன், பாதுகாப்பாக இருக்கிறது என்று அவன் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதாதா, அவனைக் கொஞ்சம் நம்புங்களேன். நம்பிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் மனுக் கொடுத்து, மாநாடு போட்டு, சால்வை போர்த்தி, காத்துக் கிடந்து வாங்கிய நம்பிக்கை அது. அவர் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. மணல் வாளியை வாசலில் தொங்கவிட வேண்டும் என்று ஒருவர் எழுதிவிட்டுப் போவார், வாசலில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று அடுத்தவர் எழுதுவார், வாளிகளை மாட்டவும் கழற்றவுமே ஓர் ஆள் வைத்திருந்தது யாருக்குத் தெரியும். ஒரு குழாயை இரண்டடி தள்ளி வைக்க ஏழு மாசம் அனுமதிக்கு அலைந்தது யாருக்குத் தெரியும். அதையெல்லாம் மேடையில் சொல்லச் சொல்லக் கூட்டம் கை தட்டும். கை தட்டி முடிந்ததும் அவர் மைக்குக்கு மேல் காதை வைத்து, கண்ணை மூடி, விரல் முட்டியால் டக், டக் என்று இரண்டு கொட்டு கொட்டுவார். பாய்லர் ஆய்வாளர் மாதிரி. 'இப்படிக் கொட்டிப் பார்த்தே சம்பளம் வாங்குகிறார்கள், நாமும்தான் வீட்டுக்குத் தேங்காய் வாங்கும்போது கொட்டிப் பார்க்கிறோம்' என்பார். கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. ஆளில்லாத கம்பெனியில் இன்றைக்குக் கேட்டபோது அது சிரிப்பு மாதிரி இல்லை, ஏதோ கொதிக்கிற மாதிரி இருந்தது. போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. சங்கத்துப் பொருளாளர் விசாகன்.

"அண்ணா, என்னுங்ணா இன்னும் போடலீங்ளா?"

"போடறன் விசாகா."

"நம்ம சங்கத்துல பாய்லர் வெச்சிருக்கறவங்க நூத்தி நாப்பது பேருங்ணா. நூத்தி முப்பத்தொம்பது முடிஞ்சுது. உங்குளுது ஒண்ணுதான் நிக்குது. கேட்டு வாங்குன நீங்களே போடலீன்னா நாளைக்கு எவனாச்சும் பேப்பர்ல எழுதிப் போடுவான்."

"நேர்ல பாத்தேன்னு போட்டிருக்குதே. ஒருக்கா பாத்துட்டுப் போடலாம்னு."

விசாகன் சிரித்தான். "அதென்னுங்ணா புதுசா? இருவத்தி மூணு வருசமா பாத்துட்டுத்தானே இருக்கறீங்க?"

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். வைத்த பிறகும் அந்தக் கேள்வி போனுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார், தினமும் காலையில் உள்ளே நுழைந்ததும் அந்தப் பக்கம் ஒரு பார்வை, பிரஷர் முள் எட்டில் நிற்கிறதா, நின்றால் சரி, அப்புறம் அலுவலக அறை. ஆறில் நிற்க வேண்டும் என்று ஞானதிரவியம் சிவப்புக் கோடு போட்டிருந்தார். அந்தப் பழைய மீட்டர் போய் புது மீட்டர் வந்தது, புதுசில் கோடு கிடையாது, கோடு இல்லாததும் ஒரு நிம்மதியாகத்தான் இருந்தது. ஞானதிரவியம்தான் அந்தக் கொட்டிப் பார்க்கிற ஆய்வாளர். ஒன்பது வருஷம் வந்தார். பருத்த மனிதர், தெற்கத்திக்காரர், சட்டைப் பையில் ஒரு சாக்கட்டி, பையில் ஒரு சின்னச் சுத்தியல். வருகிற அன்று பாய்லரை அணைத்து, ஆறவைத்து, தண்ணீரை வடித்து வைத்திருக்க வேண்டும். வந்ததும் இரும்பில் காதை வைத்துவிடுவார், கண்ணை மூடிவிடுவார், அவர் கொட்டக் கொட்ட முழுக் கம்பெனியும் மூச்சுவிடாமல் நிற்கும், அவர் மாத்திரம் என்னவோ கேட்டுக்கொண்டிருப்பார். தெய்வசிகாமணிக்குக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதே வேலை. 'சார், சாப்பாடு ஆறிப்போயிருமுங்க.' சாப்பிடப் போவார், போகும்போது ஒரு கட்டுத் துண்டு வண்டியில் ஏறும், அதையும் வேண்டாம் என்று சொல்லாத மனிதர்தான். ஆனால் சாக்கட்டியால் அங்கங்கே வட்டம் போட்டுவிட்டுத்தான் கை கழுவுவார். 'வட்டம் போட்ட இடத்தையெல்லாம் ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க தெய்வசிகாமணி. பிரஷரைக் குறைச்சே ஓட்டுங்க.' 'ஆகட்டுங்க சார்.' ஆகட்டுங்க சார் என்பதை எத்தனை வேகமாகச் சொல்லியிருக்கிறோம் என்று இப்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், ஒரே சொல் மாதிரி வந்தது. கடைசியாக வந்த வருஷம் அந்தச் சுத்தியலை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். போன் செய்தபோது, 'இருக்கட்டும், இனிமேல் அது உங்களுக்குத்தான் வேண்டியிருக்கும்' என்றார். ஓய்வு பெற்றார், அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். செய்தி வாட்ஸாப்பில் வந்தது, கை கூப்பின படம் ஒன்று பதிலுக்கு அனுப்பியதோடு சரி. அதற்கப்புறம் இரண்டு வருஷம் யாருமே வரவில்லை, புதுத் திட்டம் வருகிறது, பழைய சான்றிதழே நீடிக்கும் என்று உத்தரவு. வராத அந்த இரண்டு வருஷமும் எத்தனை நன்றாக இருந்தது என்று மேடையில் சொல்லியிருக்கிறார்.

சரி, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டால் வாக்கியம் உண்மையாகிவிடும். அவ்வளவுதானே. பொய் சொல்கிறோமோ என்கிற உறுத்தல்தான் விரலைப் பிடிக்கிறது, வேறொன்றுமில்லை, பத்து நிமிஷம் செலவழித்தால் தீர்ந்தது. எழுந்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலையில் ஸ்பானர், கத்தரிக்கோல், தராசுத் தட்டு, பூட்டு, திருப்புளி எல்லாம் சந்தனப் பொட்டோடு கிடந்தன; நடுவில் ஞானதிரவியத்தின் சுத்தியலும் கிடந்தது. மூன்று வருஷமாக அதைப் பூஜையில் வைப்பதோடு சரி, யாரும் எதற்கும் எடுத்ததில்லை. விளக்குக்குப் பக்கத்தில் ராயாத்தாள் உட்கார்ந்து பொரியும் கடலையும் பிரித்துப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தாள். பாய்லருக்கு விறகு போடுகிறவள், வந்து பத்தொன்பது வருஷம். அரசாங்கத்துக் கணக்குக்குப் பாய்லர் பார்க்கிற ஆள் வேறொருவர், அவர் படமும் சான்றிதழும் சுவரில் மாட்டியிருக்கின்றன, அந்த ஆள் இந்த வாசலை மிதித்து ரொம்ப நாளாயிற்று. பார்ப்பது ராயாத்தாள்தான். சாயங்காலம் வரை விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வதும் வருஷா வருஷம் அவள்தான். சுத்தியலை அவர் கையில் எடுத்ததும் அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஏனுங்க மொதலாளி, பூசைல வெச்சத நாளைக்குத்தானுங்களே எடுக்கோணும்?"

"தெரியும் ராயாத்தா. ஒரு நிமிசம்."

தெரியும். அவர் அப்பா காலத்திலிருந்து தெரியும். ஆயுத பூஜையன்று பென்சிலைக் கூடத் தொட விடமாட்டார்கள், பரீட்சைக்குப் படிக்க வேண்டியதில்லை என்று குதித்த நாள் அது. கைப்பிடியில் இருந்த சந்தனம் இன்னும் ஈரம் காயவில்லை, உள்ளங்கையில் ஒட்டியது, துடைக்கவும் மனசில்லை, பிடித்தபடி நடந்தார். கம்பெனி இத்தனை நீளமா. மற்ற நாளில் இருபது எட்டில் வந்துவிடுகிற இடம், இன்றைக்கு உருளைகளுக்கு நடுவே நடக்க நடக்கப் பாய்லர் அங்கேயே இருந்தது. மேல்பாதிக்குத் தகர உறை, கீழ்பாதி வெற்று இரும்பு, நெற்றி நிறைய விபூதிப் பட்டை, உடம்பெல்லாம் குங்குமப் பொட்டு, கழுத்தில் சாமந்தி மாலை. அடுப்பு வாய் திறந்திருந்தது, உள்ளே சாம்பல்கூட இல்லை, நேற்றே வழித்துக் கழுவிவிட்டார்கள், வெறும் இருட்டு. பக்கத்தில் ராயாத்தாளின் முக்காலி. அவர் உள்ளங்கையை இரும்பில் வைத்தார். வைத்ததும்தான் புரிந்தது, இருபத்து மூன்று வருஷத்தில் இதைத் தொட்டதே இல்லை. எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கிறதை எப்படித் தொடுவது, ஆய்வாளர் வருகிற அன்று ஆறியிருக்கும், அன்றைக்குத் தொட நேரமேது. குளிர்ந்திருந்தது. குளிர்ச்சி என்றால் சாதாரணக் குளிர்ச்சி இல்லை, ஐப்பசியை நெருங்கும் இந்த மாசத்து வெயிலுக்கு அந்த இரும்பு அத்தனை குளிர்ந்திருக்கக் கூடாது. கையை எடுத்துவிட்டார். யாரையோ தூங்கும்போது தொட்டுவிட்ட மாதிரி ஒரு கூச்சம் வந்தது.

ஒரு கொட்டு கொட்டினார். ணங் என்று எழுந்தது. கோயில் மணியில் கடைசியாக நிற்குமே அந்த நீட்டம், கூரை வரை போய்த் திரும்பி வந்து அவர் காதில் விழுந்தது. இன்னொன்று. ணங். பரவாயில்லையே. இடது பக்கம் நகர்ந்து, ணங், குனிந்து, ணங். சிரிப்பு வந்தது அவருக்கு, இதற்குத்தானா அந்த மனிதர் அத்தனை நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், இது யாருக்கும் கேட்குமே, குழந்தைக்குக் கேட்குமே. கட்டத்தைத் தொட்டுவிடலாம் என்று போனை எடுக்கப் பையில் கைவிட்டுக்கொண்டே, போகிற போக்கில் இன்னொரு கொட்டு கொட்டினார். தொப். அடுத்த விநாடி அவர் செய்தது அவருக்கே விளங்கவில்லை, பின்னால் திரும்பி யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார். சுத்தியல் சரியாக விழவில்லை போலிருக்கிறது, சந்தனத்தில் கை வழுக்கியிருக்கும். மறுபடியும் அதே இடத்தில். தொப். ஈரச் சுவரில் அடித்த மாதிரி, மாவு மூட்டையில் அடித்த மாதிரி, சத்தம் எழும்பாமல் உள்ளேயே விழுந்தது. விழுந்ததற்குப் பிறகு, அவர் சுத்தியலைத் தூக்கிப் பிடித்திருக்கும்போதே, உள்ளே ஏதோ உதிர்ந்தது. ஒரு கைப்பிடி மணலை யாரோ மெல்லக் கொட்டுகிற மாதிரி, மேலிருந்து கீழே, சரசரவென்று போய் நின்றது. தெய்வசிகாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டார். உள்ளே யார். யாரும் இல்லை, இரும்பை அரித்த துரு, தண்ணீர் காய்ச்சிக் காய்ச்சி உள்ளே படிகிற உப்புப் படலம், அதுதான் விழுகிறது, எலிகூட நுழைய முடியாத இரும்பு அது, உள்ளே யார் இருக்க முடியும். அடித்த இடத்தைப் பார்த்தார். அங்கே ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. பொட்டைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு அடித்தார். தொப். ஒரு சாண் தள்ளி அடித்தார். ணங். அடுத்த பொட்டில் அடித்தார். அடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. தொப். அதற்கடுத்த பொட்டு. தொப். பொட்டில்லாத இடமெல்லாம் பாடியது, பொட்டு வைத்த இடமெல்லாம் வாயை மூடிக்கொண்டது. எண்ணினார். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் அஞ்சு, அடுப்பு வாய்க்கு அருகே ஒன்று. ஒழுங்கு வரிசையில்லாமல், நெருக்கியும் தள்ளியும், ஏறுமாறாக, அம்மை வார்த்த மாதிரி. உருளைகளில் அழகாக வரிசையாய் வைத்திருக்கிறார்கள், தராசில் நடுவில் வைத்திருக்கிறார்கள், இதில் மட்டும் ஏன் இப்படி. யார் கை வைத்தது இது. ராயாத்தா என்று கூப்பிட்டார், குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. அவள் குங்குமக் கிண்ணத்தோடு எழுந்து வந்தாள், துடைத்துவிட்ட பொட்டைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

"ஐயோ, ஏனுங்க அழிச்சீங்க?"

"இதெல்லாம் யாரு வெச்சது?"

"நாந்தானுங்க. வருசா வருசம் நாந்தானுங்களே."

"ஏன் இங்க இங்கன்னு வெச்ச? கண்ட எடத்துல?"

"கண்ட எடம் இல்லீங்க." அவளுக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. "கொட்டற சாரு சாக்கட்டில வட்டம் போடுவாருங்களே, அந்த எடமுங்க. பூசைக்கு முன்னால தேச்சுக் கழுவுனா வட்டம் அழிஞ்சுருமுங்க. அதனால மனசுல வெச்சுட்டு, அதே எடத்துல பொட்டு வெச்சுருவனுங்க. ஒண்ணு தப்புனதில்ல."

"எதுக்குன்னு நெனச்ச?"

"சாமி எடம்னுதானுங்க. அவரு கண்ண மூடிட்டு, காது வெச்சுக் கேட்டுட்டுத்தானுங்களே போடுவாரு. எல்லா எடத்துலயும் போடமாட்டாரு. அது பேசற எடத்துல மட்டுந்தான் போடுவாருன்னு நாங்க பொம்பளைக பேசிக்குவமுங்க. மொத வருசம் மூணுதான் இருந்துச்சுங்க. வருசத்துக்கு ஒண்ணுன்னு கூடிக் கூடி, அவரு கடைசியா வந்தப்ப பதினொண்ணு."

"பன்னெண்டு இருக்குதே."

ராயாத்தாள் முக்காலியைப் பார்த்தாள். "அது நானே வெச்சதுங்க. இந்த வருசம். நான் உக்காந்தா என்ற காதுக்கு நேரா வருமுங்க அந்த எடம். ஒரு மாசமா அங்க ஒரு சத்தம். சிசுசிசுன்னு, யாரோ பக்கத்துல வந்து ரகசியம் சொல்றாப்ல. முள்ளு எட்டத் தாண்டுனா நல்லாக் கேக்கும். கொஞ்சம் வேர்க்கவும் செய்யுமுங்க, துண்டுல தொடச்சுருவன். சாரும் வர்றதில்ல, சாமி எங்கட்டப் பேசுதாட்ட இருக்குதுன்னு ஒரு பொட்டு வெச்சேன். தப்புங்களா?"

தப்பா என்று கேட்கிறாள். தெய்வசிகாமணி முக்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். பலகை நடுவில் குழிந்து பளபளத்தது, பத்தொன்பது வருஷம் ஒரே ஆள் உட்கார்ந்த குழி. அதிலிருந்து பன்னிரண்டாவது பொட்டுக்கு ஒரு முழம்கூட இல்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு இவள் குளித்துவிட்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து, இதில் உட்கார்ந்து, விறகை உள்ளே தள்ளித் தீ மூட்டுவாள், முள் ஏறும், அது அவள் காதில் ரகசியம் சொல்லத் தொடங்கும், ஒரு நாள் வெடித்து ரகசியத்தைச் சொல்லி முடித்துவிடும். அவருக்குப் பயம் வந்தது, பச்சைப் பயம், அதற்குக் கீழே அதைவிட மோசமாக வெட்கம். ஒன்பது வருஷம் அந்த மனிதர் எழுதி எழுதிக் காட்டியிருக்கிறார், எழுதியதை இவள் அழியாமல் காப்பாற்றி வைத்திருக்கிறாள், படிக்க வேண்டிய ஆள் சாப்பாடு ஆறுகிறது என்றான். தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது. மணி நாலு முப்பத்தெட்டு. போனைத் திறந்தார். வாக்கியம் அப்படியே இருந்தது, கட்டமும் இருந்தது. அதற்குக் கீழே, பன்னிரண்டு இடத்தில் சத்தம் எழும்பவில்லை என்று எழுத ஓரிடம் இருக்கிறதா என்று தேடினார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். கிடையாது. குறிப்பு எழுத ஓரிடம் விட்டால் அங்கே வந்து பேரம் உட்கார்ந்துகொள்ளும், அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள் என்று சொன்னது யார், அந்தப் பெண் அதிகாரி தட்டச்சை நிறுத்தி நிமிர்ந்து, 'ஏதாவது கோளாறு இருந்தால் எங்கே சொல்வார்கள்?' என்று கேட்டபோது, 'கோளாறு இருந்தால் அவனே சரி செய்துகொள்ள மாட்டானா, அவன் உயிரும் அங்கேதானே இருக்கிறது' என்று மேஜையைத் தட்டியது யார். அவன் உயிர் அலுவலக அறையில் இருந்தது, அறைக்கும் பாய்லருக்கும் நடுவில் முப்பது பேரும் நாலு சுவரும் இருந்தன. சரி, தொட்டுவிடலாம். தொட்டுவிட்டு ஒரு மாசம் ஆறிலேயே ஓட்டலாம், முக்காலியை அந்தப் பக்கம் நகர்த்திப் போடச் சொல்லலாம், தீபாவளி தாண்டியதும் பிரித்து ஒட்டுப் போடலாம், எல்லோரும் செய்வதுதானே. எல்லோரும் என்றதும் நூற்று முப்பத்தொன்பது என்று விசாகன் குரல் கேட்டது. நூற்று முப்பத்தொன்பது டிக். அதில் எத்தனை பேர் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருப்பார்கள். அவர் சொல்லிக் கொடுத்த வாக்கியத்தை நூற்று முப்பத்தொன்பது பேர் சொல்லிவிட்டார்கள், இந்நேரம் ஊர் பூராவும் நூற்று முப்பத்தொன்பது பாய்லர்கள் மாலை போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு, நாளைக்குக் காத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் பொட்டெல்லாம் எங்கே இருக்கும், யார் வைத்திருப்பார்கள் என்று நினைத்தபோது அவருக்கு மயிர்க்கால் குத்திட்டது.

"ராயாத்தா, நாளைக்கு அடுப்பு மூட்ட வேண்டாம்."

"விசயதசமிங்களே. மூட்டாம உட்டா ஆகாதுங்களே."

"வேண்டாம்னா வேண்டாம்."

"அப்பறம் எப்பத்தானுங்க?"

வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை, காது மட்டும் விரிந்துகொண்டே போனது. பன்னிரண்டோடு நின்றிருக்குமா. பாய்லருக்கும் பின்சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவு சந்து உண்டு. ஞானதிரவியத்தின் உடம்புக்கு அதில் நுழைய முடியாது, அந்தப் பக்கத்தை அவர் ஒருநாளும் கொட்டிப் பார்த்ததில்லை. தெய்வசிகாமணி சட்டையைச் சுருட்டிக்கொண்டு நுழைந்தார். ஒட்டடை முகத்தில் ஒட்டியது, முதுகில் சுவரின் சூடு, நெஞ்சில் இரும்பின் குளிர்ச்சி. இருட்டில் கண்ணால் ஆவது ஒன்றுமில்லை என்று கண்ணை மூடிக்கொண்டார், காதை இரும்பில் வைத்தார், வைத்ததும் உள்ளே ஒரு பெரிய அமைதி, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் இருக்குமே அது, அவர் என்ன செய்யப் போகிறார் என்று அதுவும் அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தது. கொட்டினார். தொப். உள்ளே சரசரவென்று உதிர்ந்தது. ஒரு சாண் தள்ளிக் கொட்டினார். தொப். சந்தின் வாயில் வளையல் சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடி, காதை வைத்து நிற்பதை ராயாத்தாள் பார்த்துவிட்டாள், பார்த்ததும் அவளுக்குத் தெரிந்த வேலையை அவள் செய்தாள். சந்துக்குள் ஒருக்களித்து வந்து, கிண்ணத்தோடு கையை நீட்டினாள். "எங்கீங்க?" என்றாள். அவர் அந்த விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். அடுத்ததிலும் வைத்தார். பையில் போன் அதிர ஆரம்பித்தது, விசாகனாகத்தான் இருக்கும், ஐந்து மணி ஆகியிருக்கும், விட்டு விட்டு அதிர்ந்து, ஒரு தடவை நீளமாக அதிர்ந்து, நின்றது. ஒரு ணங் கேட்டுவிட்டால் போதும், ஒன்றே ஒன்று, வெளியே போய்விடலாம் என்று அவர் அங்குலம் அங்குலமாக நகர்ந்து கொட்டிக்கொண்டே போனார். தொப். அவள் விரல். தொப். அவள் விரல். சந்தின் மறுகோடி வெளிச்சம் இன்னும் பாதி தூரத்தில் இருந்தது. அடுத்த கொட்டுக்கு அவள் கை வரவில்லை. கண்ணைத் திறந்து திரும்பினார்.

"குங்குமம் தீந்துபோச்சுங்க மொதலாளி" என்றாள் ராயாத்தாள்.